கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு லீவர்

ஜேசுரட்ணம் தன் வாழ்நாளில் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் பன்னிரண்டு வருசமாக ஒரே முயலைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்.

டோர்ட்மண்டிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக ஒன்றேகால் மணித்தியாலம் போனால் மலைச்சரிவில் ஒரு சின்னக் கொம்பனி. அங்கே வேட்டைக்கான காற்றுத் துப்பாக்கி செய்வார்கள். முயல், புறா அடிக்கிற ஆட்களுக்கு, மழைக்கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போகிற அளவில், நீளம் குறைந்தது, கட்டையானது. ஜெர்மனியில் அதை வைத்து வேட்டையாட விடமாட்டார்கள். எல்லாம் பெட்டியில் ஏறி இங்கிலாந்துக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விடும். ஜேசுரட்ணம் அங்கே கடைசி மேசை. ஒவ்வொரு துப்பாக்கியையும் எடுத்து, குண்டேற்றுகிற லீவரை இழுத்துத் தள்ளி, மணல் பெட்டிக்குள் ஐம்பது தரம் சுட்டு, கோளாறு இல்லையென்று கையெழுத்துப் போடவேண்டும்.

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவர் துவக்குக் கொம்பனியிலையோ வேலை?” என்று டோர்ட்மண்ட் தமிழ்ச் சனம் முதல் வருசம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் எல்லாவற்றுக்கும் சேர்ந்து சிரிக்கிற ஆள். தேத்தண்ணியா கோப்பியா என்று கேட்டால், “எதெண்டாலும் பறவாயில்லை” என்பார். கலியாணம் பேசிய காலத்தில் இரண்டு பெண்களின் படத்தைக் காட்டியபோதும் இதைத்தான் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அது அவர் மனைவி அன்ரனிற்றாவின் காதுக்குப் போகாமல் ஊர் முழுக்கப் பாதுகாத்தது.

முயலுக்கு வருவோம். ஐம்பது தரத்தில் முதல் பத்துத்தான் வேலை. பதினோராவதில் கன்னம் துப்பாக்கியின் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கண் குறிபார்க்கிற கண்ணாடிக்குள் போய்விடும். கை தன்பாட்டில் லீவரை இழுக்கும், தள்ளும், ளக், ளக் என்று. அப்போது மணல் பெட்டி மெல்லக் கரைந்து ஒரு புல்வெளி வரும். பனி விழுந்த புல். அதன் நடுவில் ஒரு காது மடிந்த முயல் எதையோ கொறித்துக்கொண்டிருக்கும். வெடிச் சத்தத்துக்கு அது அசையாது. இவரும் அதை ஒன்றும் செய்யமாட்டார். இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நாற்பது தரமும் இருப்பார்கள். பிறகு இவர் முகத்தை எடுப்பார். மணல் பெட்டி. ஒரு கையெழுத்து. அடுத்த துப்பாக்கி.

இதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் 2007ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் வீட்டில் அவ்வளவு அமளி நடந்திராது.

அந்த வருசம் கொம்பனிக்கு வைதேகி வந்தார். கோயம்புத்தூர். ஹனோவரில் பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர். கணவர் வால்டோர்ஃபில் கம்ப்யூட்டர் வேலை. வைதேகி வாரக்கடைசியில் மட்டும் அங்கே போய்வருவார். அவருக்கு ஒரு வருச ஒப்பந்தம், டிசம்பரோடு முடியும். அதற்கு முன் இருப்பதிலேயே மிகக் கட்டையான புதுத் துப்பாக்கியை வரைந்து கொடுக்கவேண்டும். கொடுத்தால் வேலை நிலைக்கும். கொம்பனியில் வேறு தமிழ் இல்லாததால் மதியம் இரண்டுபேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். இவர் மரியாதைக்கு அவரை அக்கா என்றார். அவர் மரியாதைக்கு இவரை அண்ணா என்றார். யார் மூத்தவர் என்று கேட்கிற துணிவு இரண்டுபேருக்கும் இருக்கவில்லை.

ஒரு ஞாயிறு அன்ரனிற்றா வைதேகியை வீட்டுக்கு அழைத்துப் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொடுத்தாள். வைதேகி மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. தன் வீட்டில் கைநனைத்த மனுசியின் வேலையை ஜேசுரட்ணம் எப்படிக் குறை சொல்வார்?

அந்தப் புதுத் துப்பாக்கி நல்ல வடிவு. ஆனால் ஒன்றைக் கட்டையாக்கவேண்டுமென்றால் உள்ளே இருக்கிற இரும்பையெல்லாம் பின்னுக்குத் தள்ளவேண்டும். குண்டு ஏறுகிற இடம் சுடுகிறவரின் கன்னத்துக்குக் கீழே வந்துவிடும். அப்போது லீவரை எங்கே வைப்பது? வைதேகி இரண்டு மாதிரி செய்தார். ஒன்றில் லீவர் பின்னுக்கு, கன்னத்துக்குப் பக்கத்திலேயே. நேராக இரும்போடு சேர்ந்தது, சுத்தமான வேலை. அவருக்குப் பிடித்தது அதுதான். மற்றதில் லீவர் முன்னுக்கு, விசைக்கு மேலே. அங்கிருந்து பின்னுக்கு ஒரு நீளக் கம்பி போகும். “ராட் போட்டா ஆட்டம் வரும்ணா, பார்ட்ஸும் ஜாஸ்தி. சும்மா கம்பேர் பண்ணத்தான்” என்றார்.

ஜேசுரட்ணம் ஒவ்வொன்றையும் ஒரு கிழமை சுட்டுப் பார்த்தார்.

முன் லீவரில் கம்பி கிலுகிலு என்று ஆடியது, உண்மைதான். ஆனால் கை நாலு விரற்கடை முன்னுக்குப் போய் வந்தால் போதும், கன்னம் இருந்த இடத்திலேயே இருந்தது. முயலும் இருந்தது.

பின் லீவர் வெண்ணெய்போல வழுக்கியது. ஆனால் ஒவ்வொரு தரமும் முகத்தைத் தூக்கி, முழங்கையைப் பின்னுக்கு மடக்கி இழுக்கவேண்டும். திரும்பக் கன்னத்தை வைத்துப் பார்த்தால் வெறும் புல். பதினைந்தாவது தரம், இருபதாவது தரம், நாற்பதாவது தரம். காற்றில் புல் அசையும், அவ்வளவுதான். ஒரு கிழமை முழுக்க அவர் ஆளில்லாத வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெம்பர் என்கிற முதலாளி ஒரு தாளைக் கொடுத்தார். இரண்டு துப்பாக்கிக்கும் பக்கத்தில் கட்டங்கள்: மிக நல்லது, நல்லது, கூடாது. “உங்களுக்கு எது பிடித்திருக்கிறது, ஹெர் ஜேசுரட்ணம்? பன்னிரண்டு வருசமாக லீவர் இழுக்கிறவர் நீங்கள். உங்கள் சொல்தான்.”

வைதேகி கதவடியில் நின்றார். ஜேசுரட்ணம் பேனையை எடுத்தார், புட்டை நினைத்தார், இரண்டிலும் ‘மிக நல்லது’ என்று சரி போட்டார்.

டோர்ட்மண்ட் தமிழர் யாரும் அதைப் பார்த்திருந்தால் உடனே விளங்கியிருக்கும். இரண்டும் திறம் என்று ஒருவன் சொன்னால் ஏதோ ஒன்று சரியில்லை, இனித் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்கவேண்டும். கெம்பருக்கு இந்த வித்தை தெரியாது. தாளில் எழுதியிருந்ததை அப்படியே நம்பினார். இரண்டும் மிக நல்லதென்றால் பாகம் குறைந்தது போதும், பின் லீவர்தான், வெள்ளிக்கிழமை வார்ப்பு அச்சுச் செய்கிற இடத்துக்கு வரைபடம் போகிறது என்றார்.

அன்றிரவே ஜேசுரட்ணத்தின் நித்திரை குழம்பியது. காலையில் அன்ரனிற்றா மூக்கைப் பிடித்துக்கொண்டு குசினியில் நின்றாள்.

“என்னப்பா நடந்தது?”

“என்ன நடந்ததோ? உங்கடை முழங்கை. முந்தியும் நித்திரையிலை கையை ஆட்டுவியள், ஆனா முன்னுக்கு. அது என்னிலை படாது. நேற்றிரவு பின்னுக்கு இழுத்தியள்.”

“அது வேலை அலுப்பு.”

“வேலை அலுப்பிலை ஆரைப் போகாதை, நில்லெண்டு கெஞ்சினனீங்கள்?”

ஜேசுரட்ணத்துக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. “நானோ?”

“‘போகாதை, நான் முகத்தை எடுக்கமாட்டன்’ எண்டு. எனக்கு வடிவாக் கேட்டது. ஆரின்ரை முகத்திலை இருந்து ஆரின்ரை முகத்தை எடுக்கிறியள்? அவ புட்டை மூண்டு தரம் போட்டுச் சாப்பிடேக்கையே நினைச்சனான்.”

“ஐயோ அன்ரனிற்றா, அது ஒரு முயல்.”

“இந்த வயசிலை செல்லப் பேர் வேறை.”

மத்தியானத்துக்குள் அது அவள் தோழி கலாதேவிக்குப் போய், கலாதேவியிடமிருந்து தமிழ்க் கடைக்குப் போய், மாலையில் ஜேசுரட்ணம் வெங்காயம் வாங்கப் போனபோது கடைக்காரர் மிச்சக் காசோடு ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவர் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னார். புல்வெளி, மடிந்த காது, நாற்பது தரம், இப்போது வெறும் புல். எல்லாம் சொன்னார்.

அன்ரனிற்றா அவரைக் கனநேரம் பார்த்தாள். பொய் சொல்கிற ஆள் இன்னும் கொஞ்சம் நம்பக்கூடியதாகச் சொல்லியிருப்பான் என்று அவளுக்குப் பட்டது.

“அப்ப அந்த லீவர் கூடாது எண்டு தெரியும். தெரிஞ்சும் திறமெண்டு எழுதிப்போட்டு வந்திருக்கிறியள்.”

“அந்த மனுசியின்ரை வேலை போயிடுமெல்லே.”

“வாங்கிறவன் எல்லாம் திருப்பி அனுப்பினாப் பிறகு மட்டும் நிக்குமோ? நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. முதல் அவவிட்டைச் சொல்லுங்கோ, முதலாளியிட்டை இல்லை.”

வியாழன் காலை பஸ் மலையில் ஏறும்போது வெளியே ஒன்றும் தெரியவில்லை. மரமும் வீடும் மாடும் பனிப்புகாருக்குள் மிதந்து வந்து மிதந்து போயின. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று அவருக்கு இருந்தது. வழியில் ஒரு தரிப்பிடத்தில் வைதேகி ஏறி, பக்கத்தில் இருந்தார்.

“அக்கா, அந்தப் பின் லீவர்... கூடாது” என்றார் ஜேசுரட்ணம், சன்னலைப் பார்த்தபடி.

“என்னது?”

“முகத்தை எடுக்கவேணும். எடுத்தா, பாத்துக்கொண்டிருக்கிறது போயிடும். வேட்டைக்காரனுக்கு ரெண்டாம் வெடி இல்லை.”

வைதேகி மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு பேசினார், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னண்ணா? ஃபார்ம் குடுத்தோம்ல? ரெண்டுக்கும் டிக் போட்டீங்க! நான் அத நம்பித்தான நைட்டெல்லாம் உக்காந்து டிராயிங் முடிச்சேன்?”

“நீங்கள் கவலைப்படுவியள் எண்டு.”

“பாவம் பாத்தீங்களா? மூணு பிளேட் புட்டுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு டிசம்பர்ல வேலை போகும்னு எனக்குத் தெரியாதா? தப்பான துப்பாக்கிய வரைஞ்சவள்னு பேரோட போகணுமா நான்?”

ஜேசுரட்ணத்துக்குச் சிரிக்கவும் வரவில்லை.

கொம்பனியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் வைதேகி பின் லீவர்த் துப்பாக்கியை எடுத்தார். குண்டு இல்லையென்று இரண்டு தரம் பார்த்தார். பாயில் குப்புறப் படுத்தார். “எதப் பாக்கணும்?”

“எதையெண்டாலும்...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். “அந்த மணல் பெட்டியிலை ஒரு இலையான் இருக்கு, உங்கடை ஈ. அதைப் பாருங்கோ.”

வைதேகி பார்த்தார். முகத்தைத் தூக்கி இழுத்தார், திரும்ப வைத்தார். தேடினார். இன்னொரு தரம். மூன்றாவது தரம் அவர் முதுகு அசையாமல் கிடந்தது.

“காணோம்” என்றார் மெதுவாக.

முன் லீவரை அவரே போய் எடுத்துவந்தார். ளக், கிலுகிலு, ளக். ஆறு தரம் இழுத்தார். இலையான் பெட்டியில் நடந்து போன வழி முழுக்க அவர் துப்பாக்கிக் குழாயும் கூடவே நடந்தது. எழும்பும்போது கன்னத்தில் மரத்தின் வரி பதிந்திருந்தது. அப்படியே கெம்பரின் அறைக்குப் போனார். கதவு கால்மணித்தியாலம் சாத்தியிருந்தது. பிறகு கெம்பர் எட்டிப்பார்த்து ஜேசுரட்ணத்தைக் கூப்பிட்டு, மேசையில் ஒரு புதுத் தாளை வைத்தார்.

ஜேசுரட்ணம் பின் லீவருக்கு ‘கூடாது’ என்று போட்டார். அடுத்ததைப் பார்த்தார். அதற்கும் ‘கூடாது’ போட்டார்.

“இரண்டுமா?” என்றார் கெம்பர்.

“இடம் சரி. ஆட்டம் கூடாது.”

கெம்பர் பெருமூச்சு விட்டார். அச்சுக்காரனுக்கு ரெலிபோன் எடுத்து வெள்ளிக்கிழமையை நிறுத்தினார். வைதேகியின் ஒப்பந்தம் ஈஸ்டர்வரை நீண்டது, அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. அதற்குள் அந்தக் கம்பியின் ஆட்டம் போகவேண்டும்.

இரண்டு கிழமை வைதேகி இவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரை தள்ளி இருந்தார். பிறகு ஒரு திங்கள் புதுக் கம்பியோடு வந்து, “சொல்லுங்க” என்றார்.

“கூடாது அக்கா.”

“ஏன்?”

“தள்ளேக்கை கடைசியிலை இடறுது.”

அதை எழுதிக்கொண்டு போனார். அடுத்தது வந்தது, கூடாது. அதற்கடுத்ததும் கூடாது. பனி கொட்டிய மாதம் முழுக்க ஒன்பது கம்பி வந்தது. ஒன்பதும் கூடாது. ஒவ்வொரு தரமும் வைதேகியின் முகம் சுண்டும், ஆனால் நடை வேகமாகும். டோர்ட்மண்டில் ஜேசுரட்ணம் கோப்பி வேண்டாம், தேத்தண்ணிதான் வேணும், சீனி அரைக் கரண்டி என்று சொல்லத் தொடங்கினார் என்று கலாதேவி வீட்டில் பேச்சு. அன்ரனிற்றாவுக்கு அது பிடிக்கவில்லையாம்.

பெப்ரவரி கடைசியில் பத்தாவது கம்பி வந்தது. வெளியே பனி உருகிக் கூரையால் சொட்டியது. ஜேசுரட்ணம் பாயில் படுத்துக் கன்னத்தை வைத்தார். வைதேகி தாளும் பேனையுமாகப் பக்கத்தில் நின்றார்.

பத்துத் தரம். இருபது. ஒரு சத்தமும் இல்லை, ளக், ளக், அவ்வளவுதான். ஐம்பது முடிந்தது. அவர் எழும்பவில்லை. லீவர் போய் வந்துகொண்டே இருந்தது.

“அண்ணா? முடிஞ்சுதுங்களா? என்ன போடட்டும்?”

“பொறுங்கோ அக்கா” என்றார் ஜேசுரட்ணம், உதட்டை மட்டும் அசைத்து. “அது கொறிச்சுக்கொண்டிருக்கு, கலைச்சுப் போடாதைங்கோ.”

வைதேகி பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பக்கத்துக் கதிரையைச் சத்தமில்லாமல் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.