நிமிர்ந்து நின்ற முட்டைகள்

முனைவர் பட்டம் வாங்கி ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்த எனக்குப் பெங்களூரு ஆய்வகம் ஒன்றிலிருந்து போஸ்ட்டாக் என்கிற ஆய்வாளர் வேலைக்கு நேர்காணல் வந்தது. கருவில் மூளை எப்படி உருவாகிறது என்று கோழி முட்டைக்குள் பார்க்கிற வேலை. முட்டை ஓட்டில் ஜன்னல் வெட்டி, மூன்று நாள் கருவை நேர்காணலின்போதே வீடியோவில் காட்ட வேண்டும் என்றார் அங்குள்ள பேராசிரியை. நாமக்கல்காரியிடமா முட்டை கேட்கிறீர்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. எங்கள் பண்ணையில் ஆயிரக்கணக்கில் கோழிகள் உண்டு, சேவல் ஒன்றுகூடக் கிடையாது. அந்த முட்டையில் கரு ஏது? மல்லசமுத்திரத்து அத்தையிடம் கெஞ்சி நாட்டுக்கோழி முட்டை பன்னிரண்டு வாங்கி வந்தேன். தெர்மாகோல் பெட்டியில் அடைச்சூட்டுக்குப் பல்பு எரியவிட்டு, எல்லாவற்றையும் படுக்க வைத்தேன். படுத்திருந்தால் கரு மிதந்து மேல்பக்கம் வரும். அங்கேதான் வெட்டிப் பழக்கம்.

மூன்றாம் நாள் லேப்டாப்பில் நடந்த நேர்காணல் நன்றாகவே போனது. “சரி, கருவைக் காட்டுங்கள்” என்றார் பேராசிரியை. பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டும் அட்டை டிரேயில், கூர்முனை கீழே, விறைப்பாக நின்றுகொண்டிருந்தன.

“அப்பா! இதையெல்லாம் யாருங்கப்பா நிமித்தி வெச்சது?”

“நாந்தான் சாமி” என்றார் கதவோரம் நின்ற அப்பா. “படுத்துக் கெடந்துச்சு. உருண்டு ஒடஞ்சு போயிருமேன்னு காத்தால அடுக்கி வெச்சேன்.”

முப்பது வருடம் முட்டை அடுக்கிய கை சும்மா இருக்குமா? வந்த கோபத்தில் கத்தியிருப்பேன், கேமரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி படுக்க வைத்துக் கரு இடம் மாறக் காத்திருக்க நேரமில்லை. இந்த வேலையும் போச்சு என்றே நினைத்தேன்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. முட்டை நின்றால் கரு அகன்ற முனைக்குக் கீழே வந்திருக்கும். அங்கே காற்றறை வேறு இருக்கிறது, வெட்டினால் கருவில் படாது. ஆனால் அந்த இடத்தில் நான் வெட்டியதே இல்லை. நடந்ததை மறைக்காமல் பேராசிரியையிடம் சொல்லிவிட்டு, அகன்ற முனையில் ஓட்டை வெட்டினேன். உள்ளே இருந்த வெள்ளைச் சவ்வை இடுக்கியால் உரித்தேன்.

சிவப்பு ரத்தக் குழாய்கள் வலைபோல் விரிந்திருந்தன. நடுவில் கடுகளவு இதயம் துடித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பேராசிரியைக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அப்பாவின் தலை கேமராவையே மறைத்துக்கொண்டிருந்தது.

“துடிக்குதுங்கம்மா!” என்று லேப்டாப்பைப் பார்த்து அவர் கூவினார். “இத்தன வருசம் லாரி லாரியா ஏத்தி அனுப்புனேன். உள்ள உசுரு இருந்து ஒரு நாளும் பாத்ததில்லீங்க!”

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மனுஷர் அசையவில்லை.

பேராசிரியை மதுரைக்காரர். அதுவரை ஆங்கிலத்திலேயே பேசியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“நீ என்னைக்கு வந்து சேர்றேன்னு அப்புறம் பேசிக்கலாம்மா. முதல்ல அப்பாவைக் கொஞ்சம் நகரச் சொல்லு, நானும் பார்க்கணும்ல?”