மில் முதலாளியின் முதுகு

போன மாதம் இறந்த இசக்கியப்பன், பதினான்கு வருஷம் குற்றாலம் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் ரசாயன ஆய்வுக்கூட உதவியாளராக வேலை பார்த்தவர். இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான். அதையும் பெருமையாகச் சொன்னார்கள்.

இசக்கியப்பனின் அப்பா பேரருவிக்குப் பக்கத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பன்னிரண்டு வயதிலேயே மகனையும் அதில் இறக்கிவிட்டார். எட்டு சீசன் தேய்த்தார் இசக்கியப்பன். வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்து கல்லில் குப்புறப் படுத்து, ஏப்பம் விட்டுக்கொண்டே "அழுத்துலே" என்கிற உடம்புகள். அந்த வாடை சோற்றிலும் வந்தது. கல்லூரியில் வேலை கிடைத்த அன்று, இனி ஊரான் உடம்பைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்.

ஆய்வுக்கூடத்தில் அவர் வேறு ஆள். கண்ணாடிக் குழாயை அடுப்பில் காட்டி நினைத்தபடி வளைப்பார். எந்தச் சீசாவில் என்ன இருக்கிறது என்று பேராசிரியர் ஞானசம்பந்தமே அவரிடம்தான் கேட்பார்.

கல்லூரி நாள் வழக்கமாக மாசியில் வரும். அறுபத்திரண்டில் அதை ஆடிக்குத் தள்ளிவைத்தார்கள். புதுக் கட்டடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்த மில் முதலாளி, சீசனில்தான் வருவேன் என்றுவிட்டாராம். காலையில் பொருட்காட்சி, மாலையில் பரிசளிப்பு. பொருட்காட்சிக்காக இசக்கியப்பன் மூன்று வாரம் பாடுபட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டு, காப்பர் சல்பேட் என்கிற மயில்துத்தத்தில் படிகம் ஒன்றை வளர்த்திருந்தார். கட்டைவிரல் பருமனில் நீலமாக நின்றது. "வர்றவங்களுக்கு நீயே வெளக்கிச் சொல்லு, இசக்கி" என்றார் ஞானசம்பந்தம். மகள் மாடத்திக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அவள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே மேலகரத்திலிருந்து கூட்டிவந்து மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

ஒன்பது மணிக்கு அலுவலகத் தலைமை எழுத்தர் நமசிவாயம் வந்தார். முதலாளி தங்கியிருந்த பங்களாவுக்கு எண்ணெய் தேய்க்க வந்த ஆளின் கை அவருக்குப் பிடிக்கவில்லையாம். அவர் குளித்தால்தான் விழா தொடங்கும்.

"ஒங்க அப்பன் கை ஒனக்கு வரும்லா. ஒரு மணி நேரந்தான், வா."

"நான் இங்கன நிக்கணும் சார்."

"சீசாவ யாரு வேணும்னாலும் காட்டலாம்லே. முதல்வரே சொல்லி அனுப்புதாரு."

ஞானசம்பந்தம் சன்னல் வழியாகச் சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கியப்பன் காக்கிக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. வெற்றிலைச் சாறும் வியர்வையுமாக அந்தப் பெரிய முதுகு பலகையில் கிடந்தது. நமசிவாயம் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, முதலாளி முனகும்போதெல்லாம் சிரித்தார். பிறகு அருவிக்கரையில் துண்டோடு வேறு நிற்க வேண்டியிருந்தது. சாரலில் நனைந்தபடி இருநூறு மாணவர்கள் அவரை வரவேற்கக் கல்லூரி வாசலில் வரிசையில் நின்றார்கள். குளித்துச் சாப்பிட்டவர் தூங்கிப்போனார். பொருட்காட்சிப் பக்கம் அவர் வரவேயில்லை.

மாலை மேடையில் அவர் பேசினார். "இந்தக் கல்லூரியில நான் பார்த்த பெரிய பேராசிரியர் யாரு தெரியுமா? காலையில எனக்கு எண்ணெய் தேய்ச்சாரே, அவருதான்." பந்தலே சிரித்தது. இசக்கியப்பனை மேடைக்கு இழுத்துவந்தார்கள். முதலாளி தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். முதல்வர் எழுந்து நின்று கைதட்டினார், ஞானசம்பந்தமும் தட்டினார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த மாடத்தி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

வீட்டுக்குப் போகும்போது அவள் துள்ளிக்கொண்டே வந்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லப்போகிறாளாம். "எங்கப்பா எண்ணெய் தேய்க்கதுல பெரிய ஆளுன்னு சொல்லட்டாப்பா?"

இசக்கியப்பன் மாலையைக் கழற்றிச் சாலையோர ஓடையில் போட்டார். அவள் நின்றுவிட்டாள்.

"அது என் வேலை இல்லட்டி" என்றார். "செஞ்சிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மாலை போய்விட்டதே என்று மேலகரம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள்.