குழல் முனையில் தேய்மானம்

ரைஃபிள் கிளப்பில் அப்பா சுடும் பழைய துப்பாக்கி குறி தவற ஆரம்பித்தது. பழுது பார்ப்பவர்கள் நான்கு பேரைப் பட்டியல் போட்டேன். மூன்று பேர் குழலையே மாற்றச் சொன்னார்கள், அப்பா சம்மதிக்கவில்லை. நான்காமவர் பூந்தமல்லியில் இருந்தார்; அப்பாவோடு அவர் பட்டறைக்குப் போனேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அப்பா டீ வாங்கப் போனபோது, அவர் லென்ஸால் குழலைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

“முனையாண்ட மட்டும் தேஞ்சிகீது. கம்பிய முன்னாலேர்ந்து வுட்டு வுட்டுத் தொடச்சா இப்டிதான் ஆவும்.”

ஆவடி குவார்ட்டர்ஸில் ஞாயிறு தவறாமல் அப்பா அப்படித்தான் துடைப்பார். தன் கையாலேயே கெடுத்தோம் என்று தெரிந்தால் அவருக்குத் தாங்காது.

“அவர்கிட்ட சொல்லாதீங்க” என்றேன்.

அப்பா டீயோடு வந்தார். “எப்படிப்பா தேஞ்சுது?”

“வயசாச்சில்ல சார். முனைய அரை இஞ்ச் வெட்டி சரி பண்ணா நல்லா சுடும். இனிமே கம்பிய பின்னாலேர்ந்து வுடுங்க, அவ்ளோதான்.”

அப்பா முனையைச் சற்று நேரம் தடவினார். “அப்ப நான்தான் தேச்சிருக்கேன்.”

பழுது பார்ப்பவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: “ஆமா சார். ஆனா உள்ள ஒரு பொட்டு துரு இல்ல. இத்தினி வயசான குழல்ல நான் இப்டி பாத்ததே இல்ல.”

அப்பா துப்பாக்கியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். “வெட்டுப்பா.”