சலவை அறையில் ஐந்தாவது ஆள்

இது கட்டுக்கதை இல்லை. மணி பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்பவர்கள், முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அன்று மதியம் ஆஸ்பத்திரி சலவை அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கதவோரம் நாற்காலியில் சூப்பர்வைசர், கையில் போன். பெரிய மெஷின் பக்கத்து ஸ்டூலில் மெஷின்காரர். துணி மடிக்கும் மேசையில் அக்கா. அழுக்குத் துணி பிரிக்கும் மேசையில் நான். வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு நாள். மூலையில், துருப்பிடித்த குழாய்க்குக் கீழே, கவிழ்த்த வாளிமேல் ஒரு பெண். ஆக, ஐந்து பேர்.

அவளோடு நான் பேசியதில்லை. எங்களுக்கெல்லாம் பச்சைச் சட்டை. அவளுக்கு மட்டும் நீலம். வேறு ஷிப்ட் என்று நினைத்தேன். அவள் உட்காரும் இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். அந்தக் குழாயிலோ ஒரு சொட்டு வராது.

மணி 2:40. ஒரு போர்வையை உதறினேன்.

சுருக்.

இடது மோதிர விரல். கையுறையைத் துளைத்துக்கொண்டு ஊசி நின்றது. வார்டில் யாரோ போட்ட ஊசியை ஊசிக் கழிவு டப்பாவில் போடச் சோம்பல்பட்டு, போர்வையோடு சுருட்டி அனுப்பியிருக்கிறார்கள். எவர் ரத்தமோ!

சூப்பர்வைசர் நிமிரக்கூட இல்லை. "எறும்புக்கடி மாதிரிதாம்மா. சப்பித் துப்பிட்டு வேலையப் பாரு."

"ஊசி குத்தினா ரிஜிஸ்டர்ல எழுதணும் சார்."

"எழுதினா மேலிருந்து ஆயிரம் கேள்வி வரும். உங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்?"

காது மடல் சுட்டது. கையுறையைக் கழற்றினேன். பதற்றத்தில் விரல் வாய்க்குப் போனது.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

ஐஸ் மாதிரி...

நீலச் சட்டை. எழுந்து வந்த சத்தமே இல்லை.

"வாயில வைக்காத. பிதுக்காத."

இழுத்துப் போனாள். குழாயைத் திருகினாள்.

கிர்ர்ர்... க்ளக்...

தண்ணீர் கொட்டியது.

"சோப்புப் போட்டுக் கழுவு. அப்புறம் டாக்டர்கிட்ட ஓடு."

"சார் விடமாட்டாரே..."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் போன் கீழே விழுந்தது.

ஓடினேன்.

அவசரப் பிரிவு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குக் குத்திச்சு?" என்பதுதான். மணி அப்போது 2:58. "நல்லவேளை. மூணு நாள் தாண்டி வந்திருந்தா இந்த எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையால பிரயோஜனமில்ல" என்றார். மஞ்சள்காமாலைக்கும் ஒரு தடுப்பூசி போட்டார். மாத்திரையை இருபத்தெட்டு நாள் குமட்டக் குமட்ட விழுங்கினேன். மூன்றாம் மாதப் பரிசோதனை வரை, ஒன்றுமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது குத்துப்பட்ட மறுநாள் நடந்ததை. நன்றி சொல்ல அவளைத் தேடினேன். வாளி மட்டும் இருந்தது.

"நீலச் சட்டையா?" அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "நீலத்த மாத்தி எட்டு வருஷம் ஆச்சேடி. நேத்து நீ தனியாத்தான் நின்ன. அந்தக் குழாய்ல தண்ணி எப்படி வந்துச்சுன்னுதான் நாங்க முழிச்சிட்டிருக்கோம். சுவத்துக்குப் பின்னால பைப்பே கிடையாது."

தணிந்த குரலில் சொன்னாள்.

"நீலச் சட்டைக் காலத்துல ஒருத்திக்கு உன் மேசையிலதான் குத்திச்சு. இதே மனுஷன்தான் எறும்புக்கடின்னாரு. பாவி மக, சப்பித் துப்பிட்டு வேலை பாத்தா. ஆறே மாசம். மஞ்சக்காமாலையில போயிட்டா. ரிஜிஸ்டர்ல ஒரு வரி கூட இல்ல."

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

அந்த மேசையிலேயே மேலதிகாரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தேதி, மணி, விரல். 'அறையில் இருந்தவர்கள்: ஐந்து பேர்.'

தோள்வழியே எட்டிப் பார்த்த சூப்பர்வைசருக்கு வேர்த்துக் கொட்டியது. "நாலு பேர்னு மாத்தும்மா... அவதான் செத்து..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது ஆள் யாரென்று நான் இன்னும் எழுதவே இல்லை.

ஐந்தை மாற்றவில்லை. மடித்து உறைக்குள் வைத்தேன். பசையை நனைக்க நாக்கை நீட்டினேன்.

தேவைப்படவில்லை.

விளிம்பு முழுக்க ஏற்கெனவே ஈரம்... ஜில்லென்று.

அழுத்தி ஒட்டினேன். மாலை 4:15 தபாலில் சேர்த்துவிட்டேன்.