அன்று பிடிபடாத மீன்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. என்னோடு அந்த ஏரிக்கரையில் நின்று பார்த்தால் போதும். இலையுதிர்கால விடுமுறை. டென்மார்க்கில், யூலாந்தின் குளிர்காற்று காதைச் சுடுகிறது. பதினான்கு வயது அக்கா முழங்கால்வரை ரப்பர்ச் சப்பாத்து அணிந்து நீரின் விளிம்பில் நிற்கிறாள். ஒரு பக்கம் அப்பா. மறுபக்கம், ஒன்பது வயதிலேயே தன்னைப் பெரும் பேச்சாளன் என்று நம்பிவிட்ட நான்.

பிராண்டே ஊருக்கு அருகிலுள்ள அந்த ஏரியில் தூண்டில் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கும். மிகப் பெரிய அபோரவைப் பிடிப்பவருக்கு, அடுத்த கோடை முழுவதும் சங்கத்தின் படகில் ஓர் இடம். அபோர, பச்சை உடலில் கறுப்புக் கோடுகள் இறங்கும் நன்னீர் மீன்; அடிச்செட்டை சிவப்பு, முதுகுச்செட்டை முழுவதும் முள். அந்த ஆண்டுக் கோடையெல்லாம் அக்கா கரையிலிருந்தே தூண்டில் வீசிப் பழகினாள். படகு நடு ஏரிக்குப் புறப்படும்போது அவள் கண்களும் ஏறிக்கொள்ளும். படகு திரும்பிய பிறகே அவை திரும்பும்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உணவோடு விளையாடக் கூடாது என்பது அவர்களின் கொள்கை. ஆகவே பிடித்த மீனை அன்றிரவே தன் வீட்டில் சாப்பிடுவதாகச் சொல்பவரின் மீன் மட்டுமே போட்டியில் சேரும்; மற்றவை நீருக்குத் திரும்பும். எங்கள் வீட்டிலோ அந்தக் கிழமை நவராத்திரி விரதம். புறப்படும்போதே அம்மா குசினியிலிருந்து தொடங்கிவிட்டார்.

"விரதத்துக்குள்ள மீன் பிடிக்கப் போகினமாம்!"

"இஞ்சாருமப்பா, பிடிக்கிறதுக்கு விரதமில்லை. தின்னுறதுக்குத்தான்," என்று அப்பா சட்டம் வகுத்தார்.

"ஓமோம், பிடிச்சுக் கிழிக்கப் போறியள். போங்கோ, தொப்பியைப் போட்டுக்கொண்டு போங்கோ."

அம்மாவின் அவநம்பிக்கையே எங்களுக்கு அனுமதிச் சீட்டாயிற்று.

மதியத்துக்குச் சற்று முன்னர் அக்காவின் தூண்டில் வளைந்தது. அவள் பதறவில்லை. மீன் ஓடியபோது நூலை விட்டாள், களைத்தபோது சுற்றினாள். கரைக்கு வந்தது என் முழங்கை நீளத்து அபோர! அப்பா ஆனந்தத்தில் பாய்ந்து பிடித்தார். முள் பெருவிரலில் ஏறியது.

"ஐயோ, அம்மாளாச்சி!"

"கையை நனைச்சுப் பிடியுங்கோ அப்பா. அதுக்கும் நோகுமெல்லோ," என்றாள் அக்கா.

நடுவராக இருந்த முதிய டேனிஷ் பெண்மணி மீனை அளந்தார். அன்றைய மீன்களில் அதுவே பெரிது. அதைத் தண்ணீர் வாளியில் விட்டுவிட்டு, எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அக்காவிடமும் கேட்டார்: "இன்றிரவு உங்கள் வீட்டில் இதைச் சாப்பிடுவீர்களா?"

அப்பா தமிழுக்கு மாறினார். "ஓம் எண்டு சொல்லு பிள்ளை. பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாப் போச்சு."

"அவ எங்களையெல்லோ கேக்கிறா."

"இரவு வந்து சட்டியைத் திறந்து பாக்கப் போறாவே?"

அக்கா குனிந்து வாளிக்குள் பார்த்தாள். இதுவே என் தருணம் என்று கருதி நான் முன்னே வந்தேன். மீனைப் பிடித்தது அக்காவின் கை. அந்தக் கையின் திறமைக்கும் எங்கள் வீட்டுச் சட்டிக்கும் என்ன தொடர்பு என்று டேனிஷ் மொழியில் முழங்கினேன். விரதம் ஒரு சில நாளில் முடியும், திறமை முடியுமா என்றும் கேட்டேன். இன்றும் அந்த வாதத்தில் நான் குறை காணவில்லை. நடுவர் இறுதிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்.

அக்கா துறையில் கட்டியிருந்த படகைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நை," என்றாள். இல்லை என்பதற்கு டேனிஷில் அவ்வளவுதான்.

"அப்படியானால் இது இன்று பிடிபடாத மீன்," என்றார் நடுவர்.

அக்கா கைகளை நனைத்தாள். நீருக்குள் மண்டியிட்டு மீனை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். செவுள்கள் சீராக அசைந்ததும் விரல்களைத் திறந்தாள். கோடுகள் ஒருமுறை நெளிந்து மறைந்தன. படகிலுள்ள இடம், உள்ளங்கையளவு அபோர பிடித்த ஒரு பையனுக்குப் போயிற்று. அவனுக்காக முதலில் கைதட்டியவள் அக்கா. ஈரக் கைகளின் ஒலி எனக்கு இன்னும் கேட்கிறது.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா சிரித்தார். "என்ன, வெறுங்கையோ?"

"ஓம் அம்மா," என்றாள் அக்கா.

"நான் சொன்னனான்தானே!"

அப்பா முள் ஏறிய பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். அக்கா சோற்றில் பருப்பைப் பிசைந்து சாப்பிட்டாள். அன்று அந்தக் கரையில் பேசத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார் என்பதோ, அவர் நான் அல்ல என்பதோ அந்த ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை. தோற்ற அக்காவைக் காப்பது என் கடமை என்று மட்டுமே பட்டது. கதிரையில் ஏறி நின்று, வீடு முழுவதும் கேட்கும்படி அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்:

"அக்கா, இனிமேல் ஆர் என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்காதை. உனக்காக நான் கதைக்கிறன்!"