கந்தப்பன் விலை சொல்லாத லாரி

காந்தல் கந்தப்பன் பழைய வண்டிகளுக்கு விலை சொல்கிற ஆள். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று ஊரே கேலி பேசும். பேசட்டுமே! அவர் சொன்ன விலை தப்பினதாக ஒரு பயல் சொல்லட்டும் பார்க்கலாம்.

எழுபத்தொன்பதில், ஐப்பசி மழைக்கு முன்னால், லூயிஸ் அவரை அரவேணு மலைக்கிராமத்துக்குக் கூட்டிப்போனார். லூயிஸின் அப்பா தேயிலை ஏற்றி ஓட்டின லாரி, அவர் காலமானதிலிருந்து அங்கே மேட்டை ஒட்டியே நின்றது. விலையைச் சொல்லிவிட்டால் பழைய இரும்புக்காரர்கள் மத்தியானமே வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மேட்டுப்பக்கம் கதவைத் திறக்க இடமில்லாததால், கந்தப்பன் இடப்பக்கமாக ஏறி டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். தரை ஓட்டை வழியாகப் பெரணிச் செடி முளைத்து முழங்காலைத் தொட்டது. கண்ணாடி இல்லாத முகப்பு வழியே மேகம் உள்ளே வந்து பக்கத்து சீட்டில் ஆள் மாதிரி உட்கார்ந்தது. கண்ணை மூடினதும் லாரி புறப்பட்டுவிட்டது. சத்தமே இல்லை. வளைவு வளைவாகச் சரிந்து, பச்சை இலை வாசத்தோடு, ரோடே தெரியாத வெள்ளைக்குள் மிதந்து போனது. சுகமென்றால் அப்படியொரு சுகம். வலது தோளில் மட்டும் ஏதோ பாரம் சாய்ந்துகொண்டே வந்தது. தள்ளிப் பார்த்தார், நகரவில்லை.

விழித்துப் பார்த்தால், மேட்டுப்பக்கத்துக் கதவு உள்ளே பிதுங்கி அவர் தோளை இடித்துக்கொண்டிருந்தது. இறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்தார். மழைக்கு மழை சரிந்த மண் மொத்தமும் லாரியின் மேல் சாய்ந்து நிற்கிறது. அந்த மண்ணுக்கு மேலே மூக்கம்மாவின் வீடு. தேயிலைத் தோட்டத்தில் அவள் இலை பறித்துச் சேர்த்த காசில் கட்டின ஒற்றை அறை. லாரியை இழுத்தால் வீடும் கூடவே வரும்.

மூக்கம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளதைச் சொன்னால் விற்பனை நடக்காது, கந்தப்பனுக்குத் தரகும் கிடையாது.

"என்ன விலைங்க போகும்?" என்றார் லூயிஸ்.

"லோடோட நிக்கிற வண்டிக்கு நான் விலை சொல்றதில்லீங்க. அந்தம்மா ஊட்டையே சுமந்துட்டு நிக்குது, பாருங்க."

லூயிஸ் மண்ணைப் பார்த்தார், மேலே நின்றவளைப் பார்த்தார். பிறகு, இரும்புக்காரர்களை வரவேண்டாமென்று சொல்லிவிடுவதாகவும், மேட்டுக்குத் தாங்குசுவராகக் கல்லுக்கட்டு கட்டின பிறகு வண்டியைப் பற்றிப் பேசலாமென்றும் முணுமுணுத்தார்.

டீ குடித்துவிட்டுப் போகும்படி மூக்கம்மா இருவரையும் கூப்பிட்டாள். உள்ளே போனால் அடுப்பு அணைந்து கிடந்தது. பாயும் பாத்திரமும் சாமி படமும் மூட்டைகளாகக் கட்டித் தயாராயிருந்தன.

"வண்டி உங்களுதுங்க. நான் என்னன்னு வந்து கேக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே, டம்ளர் எடுக்க ஒரு மூட்டையை அவிழ்த்தாள்.