குளம் காட்டக் கூட்டிப்போனவன்

ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகும் தொழிலில் மலையால் ஒரு தொல்லையும் இல்லை, ஆட்களால்தான். கல்யாண வீட்டுக்கோ கோயிலுக்கோ நாலு குடும்பத்தை வான் வண்டியில் ஏற்றிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்து வோஜ் மலைக்கு நான் வான் ஓடிய முதல் குளிர்காலப் பயணம் இது. உறைந்த மலைக்குளத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். காட்டாமல் திரும்பினால் அந்தக் கடைத்தெருவான ரூ பெர்தொனேயில் பிறகு தலைகாட்ட முடியாது.

சப்பாத்து

பாதை லேசானதுதான். கோடையில் குழந்தை வண்டியே தள்ளிக்கொண்டு போகலாம். குளிர்காலத்தில் மட்டும் மிதிபட்டு இறுகிய பனி பொல்லாத வழுக்கு வழுக்கும். அதனால் தடித்த சப்பாத்தோடு வரச்சொல்லி எல்லோருக்கும் போன் எடுத்துச் சொன்னேன். ஆர்ஜொந்தெயில் இருந்து வந்த ஜெயம் அண்ணை கல்யாணத்துக்குப் போடும் கறுப்புத் தோல் சப்பாத்தோடு வானைவிட்டு இறங்கினார். நாலடி வைப்பதற்குள் என் தோளைப் பிடித்தவர் பிறகு விடவே இல்லை. ஏன் அண்ணை இப்படி என்று கேட்டேன்.

"பனிக்குள்ளை நிண்டு படம் எடுத்து ஊருக்கு அனுப்பவேணும் தம்பி, படத்திலை சப்பாத்தும் விழுமெல்லோ."

சட்டி

மதியத்துக்குப் பாண் ரொட்டி போதும் என்றும் சொல்லியிருந்தேன். பியர்ஃபித்திலிருந்து வந்த ரீத்தா அக்கா இடியப்பப் புரியாணி கொண்டுவந்தார், கோயில் பெருநாளுக்குச் சமைக்கும் சட்டி நிறைய. தூக்க ஏலாதென்று சால்வையைச் சட்டியின் காதில் கட்டிப் பனிமேல் இழுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். மற்றவர்களும் வாசனைக்குப் பின்னால் போனார்கள். வழிகாட்டி நான், தோளில் ஜெயம் அண்ணையோடு கடைசியில். நில்லுங்கோ அக்கா, நான் முன்னுக்கு வரவேணும் என்று கூப்பிட்டேன்.

"நீர் அவரை ஆறுதலாக் கூட்டிவாரும், நாங்கள் இடம் பிடிச்சு வைக்கிறம்."

பிடித்த இடம்

வளைவு தாண்டியதும் குளத்தின் பெயர்ப்பலகை தெரிந்தது. அதற்கப்பால் ஒரே வெள்ளை வெளி. சட்டி இழுபட்ட தடம் பலகையைத் தாண்டி நேரே உள்ளே போயிருந்தது. உறைந்த குளத்தின் மேல் பாய் விரித்து எல்லோரும் சம்மணம் கொட்டி இருக்க, ரீத்தா அக்கா பரிமாறிக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை முழுக்க வெயில் எறித்திருந்தது. ஐஸ் மெலிந்திருக்கும். "அக்கா, அது குளம், ஒவ்வொருத்தராக் கரைக்கு வாங்கோ" என்று கத்தினேன். நல்ல சமதரையைப் போய்க் குளம் என்கிறானே என்று பார்த்தார்கள்.

அப்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒருவரும் என்னோடு வாதாடவில்லை, தவழ்ந்து தவழ்ந்து வந்தார்கள். பாயை விட்டார்கள், சட்டியை விடவில்லை. ரீத்தா அக்கா ஒரு தள்ளுத் தள்ள, அது அவருக்கு முன்னமே கரைக்கு வந்து சேர்ந்தது. கடைசியாக வந்த அவருடைய கையைப் பிடித்து ஏற்றினேன்.

"குளம் காட்டுறன் எண்டுதானே தம்பி கூட்டிவந்தனீர், பிறகேன் எழும்பச் சொல்லிக் கத்தினனீர்?"

விளம்பரம்

என் தொழில் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை லா சப்பலில் மரக்கறிக் கடைக்குள் தலையைக் குனிந்தபடி நுழைந்தேன். வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னை மறித்தார்.

"குளத்துக்கு மேலை இருத்திச் சாப்பாடு குடுக்கிற வான்காரர் நீர்தானே, எங்கடை வீட்டு ஆக்களுக்கும் இடம் போடும்."

இப்போதெல்லாம் சட்டியை நானே இழுத்துக்கொண்டு முன்னால் போகிறேன், ஏனென்றால் எங்கள் சனம் வழிகாட்டிக்குப் பின்னால் வருவதில்லை, சட்டிக்குப் பின்னால்தான் வருகிறது.